ஃபில்டர் முதலில், நெட்வொர்க் வரி அப்புறம்: பிஜிபியில் ரூட் அறிவிக்கும் முறை

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் என்னிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, நம்ம ஐபியை வெளியே எப்படி அறிவிக்கிறோம்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. ஸ்டோர் ரூமில் கிடக்கும் இரண்டு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளையும் கையில் கொடுத்து, "இதில் செய்து காட்டு, அப்புறம் பெரிய ரவுட்டரைத் தொடலாம்" என்பேன். பொள்ளாச்சி பக்கம் ஒரு சிறிய இன்டர்நெட் நிறுவனத்தில் 14 வருடமாக ரவுட்டர்களோடுதான் என் பிழைப்பு. அந்த இரண்டு கம்ப்யூட்டரில் நான் சொல்லித் தருவதை அப்படியே இங்கே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கும் நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு எண் உண்டு. அதை ஏஎஸ் எண் என்கிறோம். "இந்த ஐபி முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்கான பாக்கெட்டை என்னிடம் அனுப்பு" என்று ஒரு ஏஎஸ் இன்னொரு ஏஎஸ்ஸிடம் சொல்வதற்கான பேச்சு முறைதான் பிஜிபி. இரண்டு ரவுட்டர்கள் டிசிபி என்ற இணைப்பு முறையின் 179-ஆம் போர்ட்டில் கைகோத்து, தங்களிடம் உள்ளதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றன. இந்தக் கைகோப்பை செஷன் என்றும், எதிரே இருக்கும் ரவுட்டரை நெய்பர் என்றும் சொல்வோம். 1989 ஜனவரியில், டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் நடந்த ஒரு கூட்டத்தின்போது, கிர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில் நாப்கின் காகிதத்தில் இதற்கு முதல் வரைவு போட்டார்கள். இன்று உலகம் முழுவதும் அறிவிக்கப்படும் ஐபிவி4 ரூட்கள், அதாவது 'இந்த முகவரிகளுக்கு இந்த வழி' என்ற அறிவிப்புகள், ஏறத்தாழ 10 லட்சம். அத்தனையும் ஒருவர் சொல்ல இன்னொருவர் நம்பிப் போய்க்கொண்டிருப்பவை. இந்த நம்பிக்கையை மனதில் வையுங்கள், கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அதைச் சுற்றித்தான் வரும்.

சரி, மேசைக்கு வருவோம்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட்டு, எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரவுட்டிங் மென்பொருளை நிறுவுங்கள். நிறுவியதும் பிஜிபி தானாக ஓடாது. அதன் 'டீமன்ஸ்' என்ற கோப்பைத் திறந்து, 'பிஜிபிடி' என்பதற்கு எதிரே 'நோ' என்றிருப்பதை 'யெஸ்' ஆக்கிவிட்டு, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். இதை மறந்துவிட்டு அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். லினக்ஸில் பாக்கெட்டைக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங்கையும் இயக்கிவிடுங்கள்.

முகவரிகளை இப்படி வைத்துக்கொள்வோம். மேலே இருந்து நமக்கு இன்டர்நெட் கொடுக்கிற அப்ஸ்ட்ரீம் நிறுவனமாக முதல் கம்ப்யூட்டர் நடிக்கிறது: ஏஎஸ் 64510, ஐபி 192.0.2.1. இரண்டாவது நாம்: ஏஎஸ் 64500, ஐபி 192.0.2.2. நடுவில் இருக்கும் கேபிளுக்கு ஒரு /30, அதாவது நான்கு முகவரி கொண்ட தொகுப்பு, போதும். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாக ஆக, தொகுப்பு சிறிதாகும். நாம் வெளியே அறிவிக்க வேண்டிய ப்ரிஃபிக்ஸ், அதாவது முகவரித் தொகுப்பு, 203.0.113.0/24. இந்த எண்கள் எல்லாமே எடுத்துக்காட்டுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டவை. சோதனை செய்யும்போது வேறு யாருடைய உண்மையான ஐபியையும் எடுத்துப் போடாதீர்கள். சோதனைக் கட்டமைப்பு என்றைக்காவது ஒரு நாள் அவசரத்தில் உண்மையான ரவுட்டருக்கு நகல் எடுக்கப்படும், நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றுக்கொன்று பிங் போகிறதா என்று பாருங்கள். பிங் போகாமல் பிஜிபியைத் தொடுவது வீண் வேலை. போகிறது என்றால், நம் ரவுட்டரில்:

ரவுட்டர் பிஜிபி 64500
பிஜிபி ரவுட்டர்-ஐடி 192.0.2.2
நெய்பர் 192.0.2.1 ரிமோட்-ஏஎஸ் 64510

எதிர்ப்பக்கமும் இதேதான், எண்கள் மட்டும் இடம் மாறும். பிறகு 'ஷோ பிஜிபி சம்மரி' கொடுங்கள். அந்தப் பட்டியலில் நெய்பரின் வரிசைக்கு நேரே 'அப்/டவுன்' என்ற கட்டமும், அதை அடுத்து 'ஸ்டேட்' கட்டமும் இருக்கும். இந்த ஸ்டேட் கட்டத்தைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி பிஜிபி கைக்கு வந்துவிட்டது என்றே சொல்வேன். செஷன் இன்னும் சேரவில்லை என்றால் அங்கே ஒரு சொல் தெரியும். சேர்ந்துவிட்டால் ஒரு எண் தெரியும், எதிர்ப்பக்கத்திலிருந்து எத்தனை ரூட் வந்திருக்கிறது என்ற கணக்கு அது.

புதியவர்களை ஏமாற்றும் சொல் 'ஆக்டிவ்'. "அண்ணா, ஆக்டிவ்னு வந்துடுச்சு!" என்று சந்தோஷமாக ஓடி வருவார்கள். ஆக்டிவ் என்றால் நம் ரவுட்டர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் யாரும் திறக்கவில்லை என்று பொருள். அப்போது மூன்று இடங்களைப் பாருங்கள்: நடுவில் ஃபயர்வால் 179-ஐ மறிக்கிறதா, நெய்பர் ஐபி சரியா, எதிர்ப்பக்கத்தில் நம்மை நெய்பராக எழுதியிருக்கிறார்களா. ஏஎஸ் எண்ணைத் தவறாகப் போட்டிருந்தால் டிசிபி சேரும், ஆனால் 'ஓப்பன்' செய்தியைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் உதறிவிடும். நிலை மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். லாகில் 'பேட் பியர் ஏஎஸ்' என்று தெளிவாகவே எழுதியிருக்கும். லாகைப் படிக்கிறவருக்கு இதில் ஒரு நிமிடம்தான் செலவு. இன்னொன்று: இரண்டு ஏஎஸ்ஸுக்கு இடையிலான செஷனில் பாக்கெட்டின் டிடிஎல் (இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்ற எண்ணிக்கை) 1 என்றுதான் கிளம்பும். நடுவே இன்னொரு ரவுட்டர் இருந்தாலோ, லூப்பேக் ஐபியில் (எந்தக் கேபிளையும் சாராமல் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் முகவரி) செஷன் கட்டினாலோ, 'இபிஜிபி-மல்டிஹாப்' சொல்லாமல் அது சேராது.

செஷன் சேர்ந்த பிறகும் எஃப்ஆர்ஆரில் எண்ணுக்குப் பதிலாக '(பாலிசி)' என்று காட்டும். பயப்பட வேண்டாம். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற விதிப்படி, வெளி ஏஎஸ்ஸோடு பேசும் செஷனில் உள்ளே வரும் திசைக்கும் வெளியே போகும் திசைக்கும் ஃபில்டர் எழுதாதவரை ஒரு ரூட்டும் வரக்கூடாது, போகக்கூடாது. எஃப்ஆர்ஆர் இதைக் கடைப்பிடிக்கிறது. சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் போன்றவற்றில் இந்தத் தடை கிடையாது. செஷன் சேர்ந்த நொடியே தன்னிடம் உள்ள சிறந்த ரூட்கள் அத்தனையையும் அள்ளிக் கொடுத்துவிடும். அதனால் அங்கே நெய்பர் வரிக்கு அடுத்த வரியாக 'நெய்பர் 192.0.2.1 ஷட்டவுன்' என்று எழுதி, கதவைப் பூட்டி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஃபில்டர் முடிந்த பிறகு திறந்துகொள்ளலாம்.

இப்போது ஃபில்டர். இரண்டு பட்டியல் எழுதப் போகிறோம். 'வெளியே' என்ற பெயரில் ஒன்று:

ஐபி ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் வெளியே சீக் 5 பெர்மிட் 203.0.113.0/24

அவ்வளவுதான், ஒரே வரி. இதில் சொல்லாத எதுவும் வெளியே போகாது, ஏனென்றால் பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'டினை' (மறுப்பு) எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. 'உள்ளே' என்ற பட்டியலில், முதலில் நம் சொந்த ப்ரிஃபிக்ஸை மறியுங்கள்: 'டினை 203.0.113.0/24 எல்இ 32'. 'எல்இ 32' என்றால் அதன் துண்டுகளையும் சேர்த்து என்று பொருள். நம் வீட்டு முகவரிக்கு வழி இன்னொருவர் சொல்லி நாம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த வரியில், வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்கும் பொதுவான டீஃபால்ட் ரூட்டான 0.0.0.0/0-ஐ மட்டும் அனுமதித்தால் போதும். ஒரே ஒரு அப்ஸ்ட்ரீம் வைத்திருப்பவருக்கு 10 லட்சம் ரூட்டையும் வாங்கி ரவுட்டரின் மெமரியை நிரப்புவதால் ஒரு பயனும் இல்லை. எப்படியும் எல்லாம் அந்த ஒரு வழியாகத்தான் போகப் போகிறது. பிறகு ஐபிவி4 யூனிகாஸ்ட் பகுதிக்குள் போய், நெய்பருக்கு 'ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் வெளியே அவுட்' என்றும் 'ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் உள்ளே இன்' என்றும் கட்டிவிடுங்கள். அப்ஸ்ட்ரீமாக நடிக்கும் கம்ப்யூட்டரிலும் அதற்கேற்ற இரண்டு பட்டியல் வேண்டும். நமக்கு டீஃபால்ட் அனுப்ப அங்கே 'டீஃபால்ட்-ஒரிஜினேட்' என்ற வரி இருக்கிறது.

இனிதான் எல்லோரும் ஆவலாகக் காத்திருக்கும் வரி:

நெட்வொர்க் 203.0.113.0/24

தட்டினீர்கள். எதிர்ப்பக்கம் போய்ப் பார்க்கிறீர்கள். ஒன்றும் வரவில்லை. இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

ரவுட்டர் தனக்குத் தெரிந்த வழிகளை வைத்திருக்கும் பட்டியல்தான் ரவுட்டிங் டேபிள். 'நெட்வொர்க்' வரி எந்த ரூட்டையும் உருவாக்குவதில்லை. "ரவுட்டிங் டேபிளில் இந்த ப்ரிஃபிக்ஸ் இதே அளவில் இருந்தால், அதை எடுத்து வெளியே சொல்" என்பதுதான் அதன் பொருள். எஃப்ஆர்ஆரிலும் 7.4 முதல் இதுதான் வழக்கம். நம் டேபிளைத் திறந்து பாருங்கள். 203.0.113.0/26 இருக்கும், 203.0.113.64/27 இருக்கும், வாடிக்கையாளர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம் இல்லையா? ஆனால் முழு /24 என்று ஒரு வரி எங்கேயும் இருக்காது. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து ரவுட்டர் தானாக முழுசைக் கண்டுபிடித்துக்கொள்ளாது. சிஸ்கோவில் இன்னொரு பள்ளம்: தொகுப்பின் அளவைச் சொல்லும் 'மாஸ்க்' பகுதியை எழுதாமல் விட்டால் பழைய கிளாஸ் கணக்குப்படி அதுவே ஒரு மாஸ்க் எடுத்துக்கொள்ளும். /22 வைத்திருப்பவர் மாஸ்க்கை மறந்தால், தேடும் அளவு ஒன்று, டேபிளில் இருக்கும் அளவு இன்னொன்று என்று ஆகி, அறிவிப்பு போகாது.

தீர்வு எளிது. /24-க்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நாமே கையால் எழுதும் வழி) எழுதி, அதைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புங்கள்: 'ஐபி ரூட் 203.0.113.0/24 பிளாக்ஹோல்'. சிஸ்கோவில் கடைசிச் சொல் 'நல்0'.

இதைச் சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரு சந்தேகம் ஓடும். நம் சொந்த ஐபியையே குப்பைக்கு அனுப்பினால் வாடிக்கையாளருக்கு இன்டர்நெட் நின்றுவிடாதா? நிற்காது. பொருந்துகிறவற்றில் மிகக் குறுகிய, அதாவது மிகக் குறைவான முகவரிகள் கொண்ட, ப்ரிஃபிக்ஸைத்தான் ரவுட்டர் எப்போதும் தேர்ந்தெடுக்கும். 203.0.113.10-க்கு வரும் பாக்கெட், /26 வரி இருப்பதால் அந்த வழியே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடும். இன்னும் யாருக்கும் கொடுக்காத 203.0.113.200-க்கு வருவது மட்டும்தான் /24 வரியில் விழுந்து அழியும். அது அழிவதுதான் நல்லது. அந்த வரி இல்லாமல் வேறு ஏதாவது வழியில் அறிவித்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 200-க்கு ஒரு பாக்கெட் வருகிறது; நம் டேபிளில் வேறு பொருத்தம் இல்லை; டீஃபால்ட் வழியே அப்ஸ்ட்ரீமுக்கே திருப்பி அனுப்புகிறோம்; "இது உன்னுடையதுதானே" என்று அவர் மறுபடி நமக்கு அனுப்புகிறார். டிடிஎல் தீரும்வரை அந்த ஒரு பாக்கெட் இரண்டு ரவுட்டருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து யாராவது நம் முழு /24-ஐயும் ஸ்கேன் செய்தால், லிங்க் இப்படியே நிறைந்துபோகும்.

இந்த வரியால் இன்னொரு நன்மையும் உண்டு. பிளாக்ஹோல் ரூட் எந்தக் கேபிளையும் நம்பி இல்லை. உள்ளே ஒரு ஸ்விட்ச் நின்று நின்று எழுந்தாலும் நம் /24 வெளியே அசையாமல் நிற்கும். அது அசைந்தால், "போனது, வந்தது, போனது" என்ற செய்தி உலகில் இருக்கும் ரவுட்டருக்கெல்லாம் போகும்.

இப்போது சரிபார்ப்பு. 'ஷோ பிஜிபி ஐபிவி4 யூனிகாஸ்ட் நெய்பர்ஸ் 192.0.2.1 அட்வர்டைஸ்டு-ரூட்ஸ்'. வெளியே என்ன போகிறது என்று நம் ரவுட்டரே ஒப்புக்கொள்ளும் இடம் இது. ஒரே வரி இருக்க வேண்டும். அப்புறம் எதிர்ப்பக்கம் போய் 203.0.113.0/24-ஐப் பாருங்கள்: நெக்ஸ்ட்-ஹாப் (பாக்கெட்டை அடுத்து யாரிடம் கொடுப்பது) 192.0.2.2, ஏஎஸ்-பாத் (ரூட் கடந்து வந்த ஏஎஸ்களின் வரிசை) 64500, கடைசியில் ஒரு 'ஐ' எழுத்து. அந்த 'ஐ' நெட்வொர்க் வரியால் வந்தது என்று சொல்கிறது. டேபிளில் உள்ள ரூட்களை மொத்தமாக பிஜிபிக்குள் கொண்டுவரும் 'ரீடிஸ்ட்ரிபியூட்' போட்டு வந்திருந்தால் அங்கே கேள்விக்குறி இருக்கும். ரீடிஸ்ட்ரிபியூட் வேலை செய்யும், ஆனால் டேபிளில் நாளைக்கு யாராவது எழுதப்போகும் ஸ்டாட்டிக் ரூட்டையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். நான் அதைப் பயன்படுத்துவதில்லை, என்னிடம் கற்றவர்களையும் விடுவதில்லை.

வெளியே போகும் ஃபில்டரை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் இரண்டாவது அப்ஸ்ட்ரீம் லிங்க் வந்தது. மதியம் 3 மணிக்குக் கேபிளைக் கொடுத்தார்கள், மாலைக்குள் ஓட வேண்டும் என்றார்கள். இரண்டு பேரிடமிருந்தும் முழு டேபிளும் வாங்குவதாகத் திட்டம். முதல் நெய்பரின் கட்டமைப்பை நகல் எடுத்து, ஐபியையும் ஏஎஸ் எண்ணையும் மாற்றி ஒட்டினேன். 'அவுட்' என்று முடியும் ஒரு வரி நகலில் விடுபட்டுப் போனது. ஃபில்டர் கேட்காத பழைய ரவுட்டர் அது. செஷன் சேர்ந்ததும், முதல் அப்ஸ்ட்ரீமிடம் கற்ற லட்சக்கணக்கான ரூட்டை எங்கள் ரவுட்டர் இரண்டாவது அப்ஸ்ட்ரீமிடம் தன்னுடையதுபோலச் சொல்லிவிட்டது. இத்தனை ரூட்டுக்கு மேல் வந்தால் செஷனை வெட்டு என்ற வரம்பை அந்தப் பக்கத்திலும் யாரும் வைத்திருக்கவில்லை.

பொதுவாக ஒரு பெரிய நிறுவனம், வாடிக்கையாளர் சொல்லும் ரூட்டுக்கு மற்றவர் சொல்வதைவிட அதிக லோக்கல்-ப்ரிஃபரன்ஸ், அதாவது தன் பக்கத்து முன்னுரிமை எண், கொடுக்கும், அந்த வழியில் அனுப்பினால் பணம் வருகிறது என்பதால். எனவே முதல் அப்ஸ்ட்ரீம் பக்கம் போக வேண்டிய போக்குவரத்தை எல்லாம் இரண்டாவது அப்ஸ்ட்ரீம் எங்கள் 1 ஜிபிபிஎஸ் லிங்க் வழியே திருப்பிவிட்டது. பெரிய ஏரியை வாய்க்காலுக்குள் திறந்துவிட்டதுபோல இரண்டு லிங்கும் முட்டி நின்றன. நாங்கள் 40 நிமிடம் ஸ்விட்சைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் காட்டிக்கொடுத்தது டிராஃபிக் வரைபடம்: ஒரு லிங்கில் உள்ளே வரும் கோடும் இன்னொரு லிங்கில் வெளியே போகும் கோடும் அச்சு அசலாக ஒரே வடிவத்தில் ஏறி இறங்கின. எங்கள் வாடிக்கையாளருக்கு வராத, எங்கள் வழியாகக் கடந்து மட்டும் போகிற போக்குவரத்து அது. நெய்பரை ஷட்டவுன் செய்தேன், அடங்கியது.

அன்றைக்கு ஒரு கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். எங்கள் லிங்கில் ஓடிய ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றதாக அதன் உரிமையாளர் சொன்னார். அந்த 40 நிமிடம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர்கள் அடுத்துக் கேட்பது, "வரும் டிராஃபிக்கை ஒரு பக்கம் எப்படித் தள்ளுவது?" நம் ஏஎஸ் எண்ணையே இரண்டு மூன்று முறை சேர்த்து அறிவிப்பது ஒரு வழி: ரூட்-மேப் என்ற விதிப் பட்டியலில் 'செட் ஏஎஸ்-பாத் ப்ரிபெண்ட் 64500 64500'. பாதை நீளமாகத் தெரிவதால் மற்றவர்கள் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்தின் லோக்கல்-ப்ரிஃபரன்ஸ் இதைவிட முந்தி வேலை செய்யும், அதனால் இது ஒரு வேண்டுகோள் அளவில்தான். உறுதியான வழி, குறுகிய ப்ரிஃபிக்ஸாக உடைத்து அறிவிப்பது. /23 இருந்தால் இரண்டு /24 ஆக்கலாம். /24-க்குக் கீழே உடைத்தால் பெரும்பாலானோர் ஏற்க மாட்டார்கள்.

குறுகிய ப்ரிஃபிக்ஸின் பலம் எவ்வளவு என்பதற்கு 2008 பிப்ரவரி 24-ஐப் பாருங்கள். பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் உள்ளூரில் 208.65.153.0/24 என்று ஒரு ரூட் போட்டது. அது அவர்களின் அப்ஸ்ட்ரீம் வழியே வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்துக்கொண்டிருந்தது 208.65.152.0/22. /24 குறுகியது என்பதால் உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குப் போயின. யூடியூப் தானும் அதே /24-ஐயும், பிறகு இரண்டு /25-ஐயும் அறிவித்துத்தான் போராட வேண்டியிருந்தது.

இதனால்தான் உண்மையான ஐபியோடு வெளியே போகும்முன் ஆர்ஓஏ பதிவு செய்யச் சொல்கிறேன். "இந்த ப்ரிஃபிக்ஸை இந்த ஏஎஸ் மட்டும்தான் அறிவிக்கலாம், இந்த அளவு வரைதான் உடைக்கலாம்" என்று கையொப்பமிட்ட சான்று அது. இந்தியாவில் ஐஆர்ஐஎன்என் அல்லது ஏப்னிக், யார் ஐபி கொடுத்தார்களோ அங்கே உறுப்பினர் கணக்கில் செய்துகொள்ளலாம். அதிகபட்ச நீளத்தை உண்மையில் அறிவிக்கும் அளவுக்கு மேல் வைக்காதீர்கள். /23 ஒன்றை மட்டும் அறிவித்துவிட்டு, வசதிக்கு இருக்கட்டும் என்று 24 வரை திறந்து வைத்தால், நம் ஏஎஸ் எண்ணைப் பொய்யாக ஒட்டிக்கொண்டு ஒருவர் நம் /24-ஐ அறிவித்தாலும் அது செல்லுபடியானதாகவே தெரியும்.

நம் நெட்வொர்க்குக்குள்ளேயே இரண்டு பிஜிபி ரவுட்டர் வந்துவிட்டால் ஒரே ஒரு விஷயம் சொல்லி வைக்கிறேன். வெளியே கற்ற ரூட்டை உள்ளே இருக்கும் ரவுட்டருக்குச் சொல்லும்போது நெக்ஸ்ட்-ஹாப் மாறாது; 192.0.2.1 என்றே போகும். உள்ளே இருப்பவருக்கு அங்கே போக வழி தெரியாவிட்டால் ரூட் டேபிளில் ஏறாது. எல்லை ரவுட்டரில், உள்ளே இருக்கும் நெய்பருக்கு 'நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப்' எழுதுங்கள்.

ஃபில்டரை மாற்றிய பிறகு செஷனை அடித்து எழுப்பாதீர்கள். 'கிளியர் பிஜிபி 192.0.2.1 சாஃப்ட் அவுட்' கொடுத்தால் செஷன் விழாமலே புதிய விதிப்படி மறுபடி அறிவிக்கும். 'சாஃப்ட் அவுட்' இல்லாமல் வெறும் 'கிளியர் பிஜிபி 192.0.2.1' என்று கொடுத்தால் செஷன் விழுந்து எழும், வாடிக்கையாளருக்குத் தெரியும். மாற்றம் தொடங்கும்முன் அட்வர்டைஸ்டு-ரூட்ஸ் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். முடிந்த பிறகு இன்னொரு முறை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் 'ரைட் மெமரி'. சரியில்லை என்றால் சேமிக்காமல், நெய்பரை ஷட்டவுன் செய்துவிட்டு, பட்டியலின் முதல் வரியிலிருந்து மறுபடி படியுங்கள்.